மரத்துக்கு ஜாமீன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் ஆண்டு ஜூன் இருபத்துநான்காம் தேதி சுல்மீராவுக்கு வயது முப்பத்தொன்று. மறுநாள் காலையில் நாற்பத்துமூன்று. வழக்கம்போல் படுத்தாள், வழக்கம்போல் தூங்கினாள், நடுவில் ஒரு தடவைகூட விழிக்கவில்லை. காலையில் தலை வாரியபோது சீப்போடு வந்த முடியில் பாதி நரைத்திருந்தது. பாவாடைக் கொக்கி இடுப்பில் எட்டவில்லை. இடது தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்களைக் காணோம். என்றோ பிடுங்கி ஆறியதுபோல் ஈறு வழவழவென்று இருந்தது. அவள் அடுப்படிக்கு வந்தபோது அண்ணன் அதெமார் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். தங்கையை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு ஜன்னல் வழியே கொல்லையைப் பார்த்தான். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் கொல்லைக்கு ஓடினான். முதல் நாள்வரை துடைப்பக் கட்டை கனத்தில் நின்ற மரம் அன்று ஆள் தொடை கனத்துக்கு நின்றது.

பெத்ரா கிளாராவில் இதை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. அந்த வாரம் காப்பி மூட்டையின் விலை இறங்கியிருந்தது. ஊருக்கு அந்தக் கவலையே போதும். தச்சன் வந்து நாடா பிடித்து அளந்தான். சுற்றளவில் பன்னிரண்டு விரல் கூடுதல், தங்கச்சிக்குப் பன்னிரண்டு வயது கூடுதல், விரலுக்கு ஒரு வயது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒரு காப்பி குடித்துப் போனான். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, நாற்பத்துமூன்று வயதுக்கு இது அருமையான இதயம் என்றார். பிறப்புப் பதிவு எழுதும் குமாஸ்தா, பிறந்த தேதி பிறந்த தேதிதான், கொல்லையில் மரம் பெருத்ததற்கெல்லாம் பதிவேட்டைத் திருத்த முடியாது என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பாதிரியார், ஜாமீன் நிற்பதைத் திருச்சபை தடுக்கவில்லை, யாருக்கு நிற்கிறோம் என்று பார்த்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

அவள் ஜாமீன் நின்றது உண்மைதான். ஜூன் இருபத்துநான்காம் தேதி, ஸ்நாபக அருளப்பர் திருநாளன்று விடியலில் காய்க்காத மரத்தை மிரட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஒருவர் கோடாலியோடு வந்து, காய்க்கிறாயா வெட்டட்டுமா என்று அடிமரத்தை நோக்கி மூன்று தடவை ஓங்க வேண்டும். மரத்துக்கு வாய் கிடையாதே. அதனால் இன்னொருவர் அதன் பக்கம் நின்று, வெட்டாதே, அடுத்த பருவம் காய்க்கும், நான் ஜாமீன் என்று சொல்ல வேண்டும். பிறகு எல்லோரும் சிரித்துக்கொண்டே இஞ்சி போட்டுக் காய்ச்சிய சாராயம் ஆளுக்கொரு மடக்குக் குடிப்பார்கள். எலுமிச்சைக்கும் மாமரத்துக்கும் கொய்யாவுக்கும் இப்படி எத்தனையோ பேர் எத்தனையோ வருடம் ஜாமீன் நின்றிருக்கிறார்கள்; எந்த மரமும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. அதெமாரின் மரம் போட்டுக்கொண்டது.

அது என்ன மரம் என்று சொல்ல வேண்டும். பெத்ரா கிளாராவில் வீட்டுக்கு வீடு ஜபுதிகாபா உண்டு. அடிமரத்திலேயே கறுப்புக் கறுப்பாக ஒட்டிக்கொண்டு காய்க்கும். திராட்சை அளவு, தோல் வெடித்தால் உள்ளே வெள்ளைச் சதை. அக்டோபர் வந்தால் வெளியூர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து ஒரு மரத்தை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, ஏணி போட்டு, வயிறு வலிக்கும்வரை தின்றுவிட்டுப் போவார்கள். தண்ணீர்ப் பேய் அந்த மரம். தினம் நாலு வாளி ஊற்றினால் காய்க்கும், ஊற்றாவிட்டால் சும்மா நிற்கும். ஊரில் கைக்குழந்தைக்கும் இது தெரியும். அதெமாருக்கு ஊரில் எல்லோரிடமும் இருக்கிற எதன்மேலும் ஆசை கிடையாது. தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற வேலை. சம்பளம் கைக்கு வந்த அன்றே ஏதாவது ஒரு காட்டுக்கு ரயில் ஏறிவிடுவான். யாரும் தின்றிராத பழம், யாரும் வளர்த்திராத மரம், அதுதான் அவனுக்கு வேண்டும். கொல்லையில் எழுபத்துமூன்று மரங்கள் வைத்திருந்தான். அவற்றில் பாதிக்கு ஊர் வாயில் நுழைகிற பெயரே கிடையாது. மீன் டப்பாவை வெட்டித் தகடாக்கி, ஆணியால் எழுத்துக் குத்தி, மரத்துக்கு மரம் பெயரும் தேதியும் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

இந்தப் பைத்தியம் அவனுக்கு மட்டும் இல்லை. சுற்று வட்டாரத்தில் ஏழு பேர் இருந்தார்கள். மாதம் ஒரு ஞாயிறு ஒருவர் வீட்டில் கூடி, பழுத்ததை ஆளுக்கொன்று தின்பார்கள். பழம் உனக்கு, விதை வீட்டுக்காரனுக்கு என்பது சட்டம். நடுவில் ஒரு கிண்ணம் இருக்கும், கொட்டையை அதில்தான் துப்ப வேண்டும். பல் டாக்டர் எவாரிஸ்தோ மட்டும் கொட்டையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, விடைபெற்றுத் தெருமுனை தாண்டும்வரை ஊமையாக இருப்பார். அவருடைய குடைக்குள் அடுத்தவர் வீட்டுக் கிளைத்துண்டுகள் இருக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கூப்பிடுவார்கள். அவரிடமும் திருட வேண்டியது இருந்ததல்லவா!

ஐம்பத்தாறில் அதெமார் வடக்கே மலைக்காட்டுக்குப் போனான். இரும்பாலைக் கரிக்காகக் காட்டை வெட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு கரிக்காரக் கிழவர் பாதிரிக்கண் என்றொரு மரத்தைக் காட்டினார். ஜபுதிகாபாவுக்கு அண்ணன் முறை. இலையும் தண்டும் துளிரும் ஒரே அச்சு. பழம் மட்டும் தேன் நிறம், நடுவில் விழி மாதிரி ஒரு கரும்புள்ளி. முளைத்ததிலிருந்து காய்க்க அறுபது வருடம். ருசி எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, "அதக் கேக்காதீங்க, அழுதுருவேன்" என்றார். பாறையில் வளருகிற சாதி, வேரில் தண்ணீர் பட்டால் செத்துவிடும் என்றும் சொன்னார். அதெமார் மூன்று விதையை ஈரப்பாசியில் சுற்றி, தலைக்குப் பூசுகிற வாசனைக் களிம்பு டப்பாவில் வைத்து, டப்பாவை அக்குளில் இடுக்கியபடியே ரயிலில் இரண்டு நாள் உட்கார்ந்து வந்தான். அவன் வீடு வந்து சேருவதற்குள் அந்த மலை முழுக்கக் கரியாகிவிட்டது. மூன்றில் ஒன்று முளைத்தது. உலகத்திலேயே அந்த ஒன்றுதான் மிச்சம்.

எவாரிஸ்தோவின் குடையை நினைத்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. அதே வாரம் முளைத்த சாதாரண ஜபுதிகாபாக் கன்று ஒன்றும் பன்றிக்கொழுப்பு டின்னில் இருந்தது. கூட்டம் யார் வீட்டில் என்றாலும் ஞாயிறென்றால் யாராவது எட்டிப்பார்ப்பார்கள் என்பதால், ஒவ்வொரு ஞாயிறும் ஆட்கள் வருவதற்கு முன்னால் இரண்டு கன்றின் தகட்டையும் மாற்றிக் கட்டுவான். திங்கள் விடிந்ததும் பழையபடி கட்டுவான். திருடுகிறவன் வெறும் ஜபுதிகாபாவைத் திருடிக்கொண்டு போகட்டும் என்பது ஏற்பாடு. தங்கைக்கு மட்டும் இந்த ரகசியம் தெரியும். ஆறு வருடம் ஒரு வாரம் தவறாமல் இதைச் செய்தான். ஒரு திங்கட்கிழமை நூற்றுமூன்று டிகிரிக் காய்ச்சலில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துகூடச் செய்தான். அறுபத்திரண்டில் பாதிரிக்கண் தகடு தொங்கிய கன்றைக் கொல்லை நடுவில் நட்டு, சுற்றிக் கம்பிவேலி போட்டு, சுண்ணாம்புக் கல்லும் மணலும் கொட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று உத்தரவு போட்டான். மழைக்காலத்தில் அடிமரத்தைச் சுற்றித் தார்ப்பாய் விரித்தான்.

மற்ற கன்றுக்கும் ஒரு வேலை வந்தது. சுல்மீராவை அன்செல்மோ பெண் கேட்டான். பதினான்காம் கிலோமீட்டர் ரயில் நிறுத்தத்தில் சிக்னல் பார்க்கிறவன், சாது, நன்றாக ஆர்மோனியம் வாசிப்பான். நிச்சயத்தன்று கையில் ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று அதெமார் அந்தச் சாதாரண ஜபுதிகாபாவைத் தூக்கிக் கொடுத்தான். மாப்பிள்ளைக்கு ஒரு கடிகாரமாவது வாங்கித் தந்திருக்கலாம் என்று ஊர் பேசியது. அன்செல்மோ அதையே பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டு, நிறுத்தத்துக்குப் பின்னால் நட்டுவைத்தான். வீடு கட்டி முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. ரயில்வே சம்பளத்தில் வீடு மெதுவாகத்தான் எழும்பியது.

இப்படி இருக்கும்போதுதான் சுல்மீரா அருளப்பர் திருநாளில் விளையாட்டாக ஜாமீன் சொன்னாள், பன்னிரண்டு வயது போயிற்று. அன்செல்மோ சேதி கேட்டு ஓடிவந்தான். "நாப்பத்திமூணுன்னா என்ன? எங்க அத்தை நாப்பத்தஞ்சுல ரெட்டப் புள்ள பெத்தா. அடுத்த வருஷம் செப்டம்பர்ல கல்யாணம்" என்றான். அவள் அன்றைக்குத்தான் அவனை முதன்முதலாக மனசாரக் காதலித்தாள். அந்த அக்டோபரில் ஊரில் எல்லா மரமும் கறுத்துத் தொங்க, அதெமாரின் மரம் மொட்டையாக நின்றது. ஏழு பேரும் வந்து பார்த்தார்கள். பட்டையைத் தடவினார்கள். கிணற்றைத் தாண்டுகிறவன் பாதிக் கிணறு தாண்டி நிற்கலாமா என்று எவாரிஸ்தோ பொதுவாகச் சொல்லிவைத்தார்.

மறு ஜூன் வந்தது. திருநாளுக்கு முந்தின நாள் அவள் கல்யாணத் துணியில் சரிகைநாடா தைத்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"சுல்மீ, இன்னும் ஒரே ஒரு தடவ."

"அண்ணே, எனக்கு முப்பத்திரண்டு வயசுண்ணே."

"உனக்கு நாப்பத்திநாலு" என்றான், தபாலில் தப்பான விலாசத்தைத் திருத்துகிறவன்போல.

"முடியாது. நீ வேணா உன் வயசக் குடு."

"என் வயசு போயிட்டா யாரு தின்னுறது?"

இதை அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை. அம்மா அப்பா செத்தபோது அவளுக்கு ஏழு வயது, அவனுக்குப் பத்தொன்பது. தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவன், அவளுக்கு அம்மை போட்டபோது பதினெட்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் தேடாதவன். அந்தக் கணக்கை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். மறுநாள் விடியலில் அவள் அடுப்படிக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். ஜன்னலை மூட மறந்தாள், அல்லது மூட மனம் வரவில்லை. அதெமார் கோடாலியை ஓங்கினான். முதல் ஓங்கலிலேயே உண்மையாக வெட்டினான். பட்டை தெறித்து வெள்ளைக் கட்டை தெரிந்தது. இரண்டாவதும் வெட்டினான். அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. மூன்றாவதற்கு ஓங்கும்போது ஜன்னலிலிருந்து அவள் வாய் அவளைக் கேட்காமலே கத்திற்று: "ஐயோ வெட்டாதண்ணே! நான் ஜாமீன்!" அவன் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். அந்தச் சத்தம் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

அந்தத் தடவை பத்தொன்பது விரல். காலையில் சுல்மீராவுக்கு அறுபத்துமூன்று வயது, முட்டி வீக்கம், இடது காது மந்தம். தச்சன் அளந்துவிட்டு, காப்பி வேண்டாம் என்று போய்விட்டான். அன்செல்மோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் விசும்பி விசும்பி அழுதான். அழுது முடித்து, "கல்யாணத்த வெச்சிக்கலாம் சுல்மீரா. எனக்கு ஒண்ணுமில்ல" என்றான்.

"எனக்கு இருக்கு. நான் உங்கம்மா பக்கத்துல நின்னா உங்கம்மா என்னை அக்கான்னு கூப்புடுவாங்க. போ, நல்ல பொண்ணா பாத்துக் கட்டிக்க. வீட்ட மட்டும் பாதில விட்டுராத."

அவன் அடுத்த வருடம் கட்டிக்கொண்டான். நல்ல பெண். சுல்மீரா தைத்துவைத்த துணியை அந்தப் பெண்ணுக்கே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் வெளியே வரவில்லை. அதெமார் இரண்டு நாளும் வாசலில் சோளக்கஞ்சி வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனான். அதற்கப்புறம் அண்ணன் தங்கைக்குள் பேச்சு உப்புக்கும் புளிக்கும் என்று சுருங்கிவிட்டது. அவளுக்கு அவன்மேல் இருந்த கோபம் அணையவே இல்லை. சாம்பல் மூடி உள்ளே கனன்றுகொண்டே இருந்தது. ஆனாலும் அவனுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தாள். அறுபத்தேழு அருளப்பர் திருநாளில் அவன் கோடாலியைத் தொடவில்லை. பாவம் பார்த்தானோ, ஜன்னல் மூடியிருந்ததைப் பார்த்தானோ, தெரியாது.

முட்டி வலியால் அவளுக்கு ஒரு சங்கடம் வந்தது. துணி துவைக்கிற தொட்டித் தண்ணீரைக் கொல்லைக் கடைசிச் சாக்கடை வரைக்கும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. பாதி வழியில் அந்த மரம் நின்றது. அவன் ஆபீசுக்குப் போனதும் வேலிக்கு மேலே கையை நீட்டி, சவுக்காரத் தண்ணீரை அப்படியே அடிமரத்தில் கொட்டிவிடுவாள். செத்தால் சாகட்டும் என்றும் ஒரு மூலையில் நினைப்பு இருந்தது. மரம் சாகவில்லை. ஆகஸ்டில் அடியிலிருந்து கிளை நுனிவரை சோற்றுப் பருக்கையை அப்பின மாதிரி வெள்ளையாகப் பூத்தது. அதெமார் தெருவுக்கு ஓடி, போகிறவன் வருகிறவனையெல்லாம் கட்டிப்பிடித்தான். அறுபது வருட மரத்தைப் பதினோரு வருடத்தில் பூக்கவைத்தவன் என்று ஏழு பேருக்கும் தந்தி அடித்தான். சுல்மீராவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்து, "உன்னாலதான், எல்லாம் உன்னாலதான்" என்றான். அவள் கையை உருவிக்கொண்டாலும், போனது வீண்போகவில்லை என்று அன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. அந்த ஆறுதல் இரண்டு மாதம் நீடித்தது.

காய் பச்சையாக இருந்தது, சிவந்தது, தேன் நிறத்துக்குத் திரும்ப வேண்டிய நாளில் கறுத்தது. மண் வேறல்லவா, நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்யும் என்று அதெமார் சொல்லிக்கொண்டான். குறித்த ஞாயிறு ஏழு பேரும் ஈரப்பாசி டப்பாக்களோடு வந்தார்கள். கிண்ணம் நடுவில் வைக்கப்பட்டது. அதெமார் முதல் பழத்தைப் பறித்து, சிலுவை போட்டுக்கொண்டு வாயில் வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள். தாய்ப்பாலுக்கு அடுத்து அவர்கள் நாக்கு அறிந்த ருசி அது, வெறும் ஜபுதிகாபா. எவாரிஸ்தோ கேலி பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் எழுந்துவந்து, கொட்டையை ஒழுங்காகக் கிண்ணத்தில் துப்பினார். முப்பது வருடத்தில் அவர் கொட்டையைத் திருப்பிக் கொடுத்தது அன்றுதான் முதல் தடவை. அதைப் பார்த்ததும் அதெமார் கிண்ணத்துப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எல்லோரும் போனபிறகு அடுப்படியில் அவரைப்பயறு கொதித்துக்கொண்டிருந்தது. சுல்மீரா கரண்டியைக் கீழே வைத்தாள். கறுத்த பழத்தைக் கதவருகே நின்று பார்த்தபோதே அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது, சொல்லத்தான் நேரமானது.

"அண்ணே, உனக்கு அந்தப் பெரிய காய்ச்சல் வந்துச்சே, அந்த ஞாயித்துக்கெழம. ஆளுங்க போனதும் நான்தான் சாயந்தரமே தகட்ட மாத்திக் கட்டினேன். காலைல நீ எந்திரிக்க வேணாமேன்னு."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பி விரல்விட்டு எண்ணினான். "நான் விடியக்கால எந்திரிச்சு மாத்தினேனே."

"ஆமா. அதுலருந்து தகடு மாறித்தான் தொங்கியிருக்கு."

இனி அவன் தன் முகத்தைப் பார்ப்பான் என்று அவள் காத்திருந்தாள். முப்பத்துமூன்று வயதில் அறுபத்துநான்காகிவிட்ட முகம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அதற்காகச் சொல்வான் என்று நினைத்தாள். அவன் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப இன்னொண்ணு எங்க?" என்றான்.

தினம் நாலு வாளித் தண்ணீர் ஊற்றியிருந்தால் காய்த்திருக்கும் மரம். அவளுடைய முப்பத்தொரு வருடத்தையும் வாங்கி வெறும் கட்டையாக மாற்றிக்கொண்டு, கடைசியில் அழுக்குத் தண்ணீருக்குக் காய்த்த மரம். துவைக்கிற தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து சுல்மீரா வாய்விட்டு அழுதாள். இந்த ஊரில் எந்தக் கழுதையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்குமே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதற்குள் அதெமார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பதினான்காம் கிலோமீட்டருக்குப் போய்விட்டிருந்தான்.

பாதிரிக்கண் அங்கே நிறுத்தத்துக்குப் பின்னால் மணிக்கட்டு கனத்தில் நின்றது. அன்செல்மோவின் மனைவி அதில் கயிறு கட்டிக் குழந்தைத் துணி காயப்போட்டிருந்தாள். அதெமார் தன் எழுபத்துமூன்று மரங்களையும் வீட்டையும் எழுதித் தருகிறேன் என்றான். அன்செல்மோ, அது சுல்மீரா வீட்டிலிருந்து வந்த மரம், விற்கிறதுக்கில்லை, வேண்டுமானால் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றான். எட்டு மாதம் தினமும் அதெமார் வேலை முடிந்ததும் போய்ப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நிற்பான், இருட்டியதும் திரும்புவான். அறுபத்தெட்டு அருளப்பர் திருநாளுக்கு முந்தின நாள் கோடாலியைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தவனிடம் சுல்மீரா தானே வந்து பேசினாள். "எங்கிட்ட குடுக்க இனி ஒண்ணுமில்லண்ணே. இருக்கிற அஞ்சோ பத்தோ எனக்கே வேணும்."

"உன்னக் கேக்கல" என்றான்.

அவள் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. போகட்டும் என்று காப்பிக்கொட்டையை வறுக்கப் போனாள். இதைப் பின்னாளில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அவளே சொன்னாள்.

விடியலில் நடந்ததை அன்செல்மோவின் மனைவி ஜன்னல் வழியே கேட்டாள். முதலில் அதெமாரின் குரல், காய்க்கிறாயா வெட்டட்டுமா என்று. பிறகு ஒரு பெண்குரல். சுல்மீராவும் வந்திருக்கிறாள் போல என்று நினைத்து, காப்பி கொடுக்கலாமே என்று வெளியே வந்தாள். அதெமார் மட்டும்தான் நின்றான். தொண்டையை ஒடுக்கி, தங்கையின் குரலில், "வெட்டாதண்ணே, நான் ஜாமீன், நான் சுல்மீரா, ரொசாரியோ தெரு பதினேழாம் நம்பர்" என்று விலாசத்தோடு சொல்லிக்கொண்டிருந்தான். வாழ்நாளெல்லாம் தப்புத் தகடு கட்டிப் பழகிய கை. ஆனால் மரத்துக்குத் தகடு வாசிக்கத் தெரியாது. எந்த வாய் சொன்னதோ அந்த வாயிடமிருந்து எடுத்துக்கொண்டது. மறுநாள் காலையில் அதெமாருக்குத் தொண்ணூற்றுநான்கு வயது. பதினான்காம் கிலோமீட்டரில் மரம் நாற்பத்தெட்டு விரல் பெருத்து, துணிக்கயிறு பட்டைக்குள் புதைந்துபோயிருந்தது. முளைத்துப் பன்னிரண்டு, எடுத்துக்கொண்டது நாற்பத்தெட்டு. கரிக்காரர் சொன்ன அறுபது வருடம் பிசகில்லாமல் ஆயிற்று.

அவனைக் கட்டிலோடு கொல்லைப்புற அறையில் போட்டார்கள். அவன் என்ன குரலில் என்ன சொன்னான் என்பதை அன்செல்மோவின் மனைவி அடக்க முடியாமல் வந்து சுல்மீராவிடம் சொல்லிவிட்டாள். சுல்மீரா கேட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம் அண்ணனுக்குக் கஞ்சி கொடுக்கவில்லை. மறுநாள் கொடுத்தாள். நான்கு மாதம் குளிப்பாட்டி, புரட்டிப்போட்டு, புண் வராமல் பார்த்துக்கொண்டாள். உடம்பில் அறுபத்தைந்து ஆனவள் தொண்ணூற்றுநான்கைத் தூக்குவது லேசா? ஏனம்மா செய்கிறாய் என்று பாதிரியார் கேட்டபோது, அம்மை போட்ட பதினெட்டு நாளை இன்னும் தீர்க்கவில்லை சாமி, அது தீர்ந்ததும் விட்டுவிடுவேன் என்றாள். பதினெட்டு நாள் எப்போதோ முடிந்திருந்தது.

அக்டோபரில் பாதிரிக்கண் காய்த்தது. அன்செல்மோ ஒரு கூடை பறித்து, ஈரத்துணி மூடி, ரயில் டிராலியிலேயே கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் போனான். தேன் நிறம், நடுவில் கரும்புள்ளி. கூடை நிறைய யாரோ நம்மையே பார்ப்பதுபோல் இருந்தது. சுல்மீரா ஒரு பழத்தை நசுக்கி, தோலை எடுத்துவிட்டு, அண்ணன் வாயில் வைத்தாள். அவன் கண்ணில் புரை மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது. நாக்கு உப்பையும் சர்க்கரையையும் பிரித்துச் சொல்லாத நாக்கு.

"பாதிரிக்கண் பழுத்துருச்சுண்ணே. தின்னு."

அவன் மென்றான். ஈறால் மெதுவாக, ரொம்ப நேரம் மென்றான். பிறகு முகம் சுருங்கிற்று.

"பொய் சொல்லாத. இது வெறும் ஜபுதிகாபா."

"இல்லண்ணே, சத்தியமா."

"என்னை ஏமாத்தாத சுல்மீ. எனக்குத் தெரியாதா?" என்றான். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. கொட்டையை நாக்கு நுனிக்குத் தள்ளினான். பழக்கதோஷம், கிண்ணத்தைத் தேடித் தலை திரும்பியது. அவள் உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"சரிண்ணே. ஜபுதிகாபாதான்" என்றாள்.

பரிதாபப்பட்டுச் சொன்னாளா, பழி தீர்த்தாளா என்று ஊர் ஒரு பருவம் முழுக்க விவாதித்தது. அவளுக்கே தெரியாது. அவன் தூங்கியதும் கூடையோடு அடுப்படிக்கு வந்து உட்கார்ந்து ஒரு பழத்தை வாயில் போட்டாள். சப்பென்று இருந்துவிட வேண்டும், வாயில் வைக்க முடியாத கசப்பாக இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போட்டாள். அப்படி இல்லை. நன்றாக இருந்தது. அவள் தின்ற எதைவிடவும், அன்செல்மோ வீடு வந்து பெண் கேட்ட அன்றைய விருந்தைவிடவும் நன்றாக இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே கூடையில் பாதியைத் தின்றுவிட்டாள்.

அதெமார் நவம்பரில் செத்தான். ஏழு பேரில் ஆறு பேர் அடக்கத்துக்கு வந்தார்கள், ஆறு பேர் சட்டைப்பையிலும் பாசி டப்பா இருந்தது. சுல்மீரா ஒளிக்காமல் ஆளுக்கு இரண்டு விதை கொடுத்தாள். அறுபது வருடம் ஆகும், அவசரமென்றால் அவரவர் பொறுப்பு என்று மட்டும் சொன்னாள். கல்லறையில் பொறிக்க வயது என்ன போடுவது என்று கல்தச்சன் கேட்டான். அவள் ஒரு மீன் டப்பாவை வெட்டித் தகடாக்கி, அண்ணனுடைய ஆணியாலேயே எழுத்துக் குத்திச் சிலுவையில் கட்டினாள். அதெமார், பிறப்பு 1922, இறப்பு 1968, வயது 94. பிறப்புப் பதிவுக் குமாஸ்தா ஒவ்வொரு கல்லறைத் திருநாளும் அதன் முன்னால் நின்று படித்துவிட்டுத்தான் தன் தாயார் கல்லறைக்குப் போவார். கணக்கு சரியாக இருப்பதால் அவர் அதைத் திருத்தச் சொன்னதில்லை.